சின்ஹுவாய் நதிக்கரையில் ஒரு மாலை நடை: அந்தப் பெண்களே எழுதியது மட்டும்

நான்ஜிங் போகிறேன் என்று சொன்னால் சீன நண்பர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: ராத்திரி சின்ஹுவாய் நதியில் விளக்குப் படகில் ஏறாமல் திரும்பாதே. ஏறலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் கையில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால், படகை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த நடைக்குப் போங்கள் என்பேன்.

இது ரொம்பச் சின்ன ஏற்பாடு. பள்ளியில் சீன இலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் நடத்துகிறார். கூட ஒரு இளம்பெண் உதவிக்கு. விளம்பரம் பிடிக்காதவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். ஆளுக்கு 160 யுவான். 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரை வாக்கில் முடியும். நடுவில் ஒரு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்காரலாம், அந்தச் செலவும் கட்டணத்திலேயே அடங்கும்.

நடைக்கு ஒரு விதி உண்டு. மிங் வம்சத்தின் கடைசி நூறு ஆண்டுகளில் இந்தக் கரையில் பாடி, ஆடி, யாழ் மீட்டி, விருந்துகளில் கவிதை சொல்லிப் பிழைத்த கணிகையரைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஆண்டு, இடம், சட்டம் போன்ற பின்னணித் தகவல் தவிர, அந்தப் பெண்கள் தாங்களே எழுதியதை மட்டும்தான் டீச்சர் வாசிப்பார். அவர்களைக் காதலித்தவர், கல்யாணம் செய்தவர், அவர்கள் செத்த பிறகு உருகி எழுதியவர் என்று ஆண்கள் எழுதிவைத்தது எதுவும் இந்த மூன்று மணி நேரத்தில் காதில் விழாது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, இந்தக் கரையின் வழக்கமான கதையைக் கேட்டவர்களுக்குத்தான் புரியும். 'சின்ஹுவாயின் எட்டு அழகியர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டுப்பை, புத்தகக்குறி, காந்த ஒட்டி என்று கரை நெடுக அந்த எட்டு முகங்களையும் விற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு புகழ்பெற்ற ஆண், ஒரு துயர முடிவு. இந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆண்களின் நினைவுக் குறிப்புகளிலிருந்து வந்தது. 1645இல், மிங் வம்சத்துக்கு அடுத்து வந்த சிங் வம்சத்தின் படை நான்ஜிங்கைப் பிடித்த பிறகு, அழிந்துபோன விருந்துக் காலத்தை நினைத்து நினைத்து அவர்கள் எழுதினார்கள். அந்த எழுத்தில் பெண்கள் தொலைந்துபோன நாட்டின் அடையாளமாக நிற்கிறார்கள். வாடகைக்கும் கடனுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் நாளை ஓட்டிய ஆட்களாக அவர்களைப் பார்க்க, அவர்களே எழுதியதைத்தான் தேடிப் போக வேண்டும். டீச்சர் அதைத்தான் செய்திருக்கிறார். நூல் தைத்த ஒரு சின்னக் கையேடு கொடுக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் வாசிக்கும் பகுதி அதில் மூலத்திலும், பக்கத்திலேயே இன்றைய எளிய சீனத்திலும் இருக்கிறது. தாள் நல்ல தாள், எழுத்தும் பெரிது, தெருவிளக்கில் படிக்க முடிந்தது.

தொடக்கம் ஜியாங்னான் தேர்வு மண்டபத்தின் முன்னால். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் மாகாணத் தேர்வுக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். பிற்காலத்தில் இங்கே இருந்த தேர்வு அறைகள் மட்டும் இருபதாயிரத்தைத் தாண்டும். ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள். இதற்கு நேர் எதிரே, ஒரு நதியின் அகலம் தள்ளி, கணிகையர் குடியிருந்த பழைய வளாகம். அந்த அகலத்தை நம்மையே நின்று பார்க்கச் சொல்கிறார் டீச்சர். அவ்வளவுதான் தூரமா என்று இருக்கிறது. வீட்டை விட்டு வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கரையில், அவர்களை நம்பி நடந்த தொழில் அந்தக் கரையில். ஒன்றில்லாமல் மற்றொன்று இத்தனை பெரிதாக வளர்ந்திருக்காது.

பிறகு கன்பூசியஸ் கோயில் பக்கம் வந்தோம். எதிர்க்கரையில் 110 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் சிவப்புச் சுவர் 1575இல் கட்டியது. கோயில் கட்டடங்கள் 1937இல் ஜப்பானியப் படை வந்தபோது எரிந்து, 1980களில் திரும்பக் கட்டியவை. இன்று விளக்கில் மின்னும் பெரும்பாலானவற்றின் வயது நாற்பது சொச்சம் என்பதை டீச்சர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இந்த இடத்தில் கூட்டம் நெரிந்தது, வேகமாகக் கடந்தோம். வென்தே பாலத்தைத் தாண்டினால் சாவ்கு தெரு.

சாவ்கு தெருவில் லீ ஷியாங்ஜுன் வாழ்ந்ததாகக் காட்டும் வீடு இருக்கிறது. எட்டுப் பேரில் அதிகம் பெயர் வாங்கியவள் அவள்தான். 1699இல் முடிந்த ஒரு பெரிய நாடகம் அவளைக் கதாநாயகியாக்கி, ரத்தத் துளியிலிருந்து தீட்டிய விசிறியோடு அவள் பெயரைச் சீனா முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாசலில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நின்றோம். டீச்சர் கையேட்டைத் திறக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அவள் பெயரும் ஆண்டும் தவிர ஒன்றும் இல்லை. அவள் கையால் எழுதியது என்று நம்பிக் கொடுக்க எதுவும் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த பக்கத்தில் தோங் ஷியாவ்வானுக்கும் இதே வெறுமைதான். அவள் சமைத்த பண்டங்கள், கலந்த வாசனைகள், கணவனுக்குச் செய்த பணிவிடை எல்லாம் விவரமாகத் தெரியும், எழுதியவர் கணவர். பெண்களின் நகை, உடை, வழக்கங்கள் பற்றி அவளே குறிப்பெடுத்து ஒரு தொகுப்பு தயாரித்தாள் என்ற தகவல்கூட அவர் எழுத்தில்தான் இருக்கிறது.

கூட வந்தவர்களில் ஒருவருக்கு இது ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்து வெள்ளைத் தாளா என்று முணுமுணுத்தார். எனக்கோ, முழு நடையிலும் மிகத் துணிச்சலான இடம் இதுதான் என்று தோன்றியது. அருங்காட்சியகத்தில் பத்துப் பலகை படித்தாலும் இந்த விஷயம் இவ்வளவு நேராக மனதில் இறங்காது.

பழைய வளாகத்தின் முன்வாசல் வூதிங் பாலத்தைப் பார்த்தும், பின்வாசல் சாவ்கு தெருப் பக்கமும் இருந்தன. பாலத்துக்குப் போகும் வழியில் டீச்சர் அந்த வாழ்க்கையின் சட்டப்பக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அரசின் இசைத் துறை இந்தக் குடும்பங்களைத் தனிப் பதிவேட்டில் வைத்திருந்தது. அந்தப் பதிவில் பிறந்தவர்கள் பரம்பரையாக அதிலேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து சின்னஞ்சிறு பெண்களை விலைக்கு வாங்கி, பாட்டும் எழுத்தும் கற்பித்து வளர்த்த 'வளர்ப்பு அம்மா'க்கள் தனி. பதிவிலிருந்து வெளியே வரப் பணமும் செல்வாக்கும் வேண்டும், இரண்டும் ஆண்களிடம்தான் இருந்தன. அந்தப் பரம்பரை இழிநிலையை 1723இல் யோங்செங் பேரரசர்தான் நீக்கினார். எழுத்தும் கவிதையும் இந்தப் பெண்களுக்குத் தொழில் கருவிகள் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொன்னார் டீச்சர். விருந்தில் ஒரு ஆண் ஒரு வரி சொன்னால் அதே சந்தத்தில் மறுவரி சொல்லத் தெரிய வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண்களுக்குப் பல வீடுகளில் மறுத்த படிப்பு இவர்களுக்குக் கட்டாயப் படிப்பாக இருந்தது.

பாலத்தருகே வாசித்தது மா ஷோஜென் எழுதியதை. மா ஷியாங்லான் என்றால்தான் சீனர்களுக்குத் தெரியும். 1548இல் நான்ஜிங்கில் பிறந்து, இதே கரையில் வாழ்ந்து, 1604இல் இறந்தவர். ஆர்க்கிட் பூவை மையில் வரைவதில் பேர்போனவர். 1572இல் அவர் வரைந்த பூவும் பாறையும் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சயாம் நாட்டுத் தூதர்கள்கூட அவர் வரைந்த விசிறிகளைத் தேடி வாங்கியதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. சூஜோ நகரத்துக் கவிஞர் வாங் ஜிதெங்குக்கு அவர் எழுதிய கடிதங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. முப்பது ஆண்டுப் பழக்கம், கல்யாணத்தில் முடியவில்லை.

அந்தக் கடிதங்களில் பெரிய அலங்காரம் ஏதும் இல்லை. உடம்பு முடியாமல் படுத்திருக்கிறேன், நினைப்பெல்லாம் உங்கள் மேல்தான். சிறகு இருந்தால் பறந்து வந்து முகத்தைப் பார்த்துவிடுவேன். வெயில் கொளுத்துகிறது, வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் போகிறது. டீச்சர் இதை உணர்ச்சி ஏற்றாமல், சாதாரணமாகக் கடிதம் படிப்பதுபோலவே படித்தார், அதனால்தான் நன்றாக இருந்தது. நாடகக் குரலில் படித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

1604இல் வாங் ஜிதெங்கின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மா ஷியாங்லான் நான்ஜிங்கிலிருந்து சூஜோ போய், பாட்டும் ஆட்டமும் விருந்துமாக மாதக்கணக்கில் கொண்டாடினார். திரும்பி வந்த கொஞ்ச நாளில் விளக்கேற்றி, புத்தரை வணங்கி, உட்கார்ந்தபடியே உயிர்விட்டார் என்பார்கள். இந்தக் கதை டீச்சர் வாயிலிருந்து வரவில்லை, விதி அப்படி. கூட வந்த என் நான்ஜிங் தோழி நடந்துகொண்டே காதோடு சொன்னாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டதில் ஒன்று புரிந்தது. கதையில் அந்தப் பெண் ஒரு மகா காதலி. கடிதத்தில் அவளுக்குத் தலைவலி இருக்கிறது, வேலை இருக்கிறது, கிளம்ப முடியாத காரணங்கள் இருக்கின்றன.

தேநீர்க் கடைக்கு வருவோம். நடையின் உயிர் இங்கேதான். மாடியில் நீள மேசை, ஜன்னலுக்குக் கீழே நதி. உப்புநீர் வாத்து ஒரு தட்டு, இனிப்புச் சேப்பங்கிழங்குக் கஞ்சி ஆளுக்கொரு கிண்ணம், மழைப்பூத் தேநீர். வாத்து நன்றாக இருந்தது, கஞ்சி கொஞ்சம் திகட்டியது. சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு போதும்.

மேசையில் ஆளுக்கொரு தாள் வைத்திருந்தார்கள். எல்லாம் லியு ருஷியின் கடிதங்கள். ஹாங்ஜோவில் இருந்த வாங் ரான்மிங் என்ற வசதியான நண்பருக்கு அவர் எழுதிய 31 கடிதங்கள் அவர் வாழ்ந்த காலத்திலேயே அச்சாகிவிட்டன. அதற்கு முன்னுரை எழுதியவர் மேற்கு ஏரிப் பக்கம் புகழ்பெற்றிருந்த லின் ஷுவே. அவரும் ஒரு கணிகை, ஓவியர். ஒரு கணிகையின் கடிதத் தொகுப்புக்கு இன்னொரு கணிகை முன்னுரை எழுதி அச்சில் வருகிறது, நம் கணக்கில் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்! இதைக் கேட்டதும் மேசையில் இருந்த இரண்டு கல்லூரி மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

லியு ருஷி பிறந்தது 1618இல். சிறு வயதிலேயே விற்கப்பட்டவர். பட்டு வியாபாரம் கொழித்த ஷெங்சே ஊரில் வளர்ந்து, ஓய்வுபெற்ற ஒரு பெரிய அமைச்சரின் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து, அங்கிருந்து துரத்தப்பட்டார். அதன் பிறகு சொந்தப் படகில் ஊர் ஊராகப் போய்வந்தார். முறைப்படி பார்த்தால் சின்ஹுவாய் அவர் தொழில் செய்த கரையே இல்லை. எட்டுப் பேர் பட்டியல்தான் அவரை இங்கே இழுத்துவந்தது. டீச்சர் இதையும் மறைக்கவில்லை. எழுதியதில் இவ்வளவு மிஞ்சிய வேறொருவர் இல்லை, அதனால் சேர்த்துக்கொண்டேன் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

கடிதங்களை நாங்களே மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். என் பங்குக்கு வந்தது, ஒளிந்து இருக்க ஒரு அமைதியான இடம் சீக்கிரம் பார்த்துக்கொடுங்கள், எனக்கு இப்போது இதைவிட அவசரம் எதுவும் இல்லை என்று கேட்கும் கடிதம். ஊர்ப்பேச்சும் அவதூறும் துரத்துகின்றன, தங்க இடம் இல்லை. பழைய அறிஞர் ஒருவரின் வாக்கோடு ஆரம்பிக்கிறார், நட்பு என்றால் என்ன என்று பேசுகிறார், சட்டென்று வீட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறார். கடிதம் முழுக்கத் தன்னைத் 'தம்பி' என்றே சொல்லிக்கொள்கிறார். ஆண் நண்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் முறையில், அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். என்னைப்போல ஷாங்காயில் தனியாக வீடு தேடி அலைந்த ஒருத்திக்கு, அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பது சுலபமாக இல்லை. குரல் கொஞ்சம் அடைத்துக்கொண்டது.

மாதவி தாழை மடலில் எழுதிய கடிதத்தைக் கோவலன் வாங்காமல் திருப்பியனுப்பினான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மாதவியின் வாய்க்கு வார்த்தை கொடுத்தவர் ஒரு ஆண் புலவர். இங்கே மேசைமேல் இருந்தது, அந்த நிலையில் இருந்த ஒருத்தியே எழுதியது.

கவிதைகளில் டீச்சர் தேர்ந்தெடுத்தது, சென் சிலோங் என்ற கவிஞரைப் பிரிந்த பிறகு லியு ருஷி எழுதிய இருபது பாடல்கள் கொண்ட வரிசை. முதல் பத்தும் 'அவன் போய்விட்டான்' என்று தொடங்கும், அடுத்த பத்தும் 'அவன் எங்கே' என்று தொடங்கும். பத்து முறை போய்விட்டான் என்று தனக்கே சொல்லி நம்பவைத்த பிறகு பத்து முறை எங்கே என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் வாசிக்கவில்லை, ஒவ்வொன்றிலிருந்தும் சிலதுதான். இருபதையும் வரிசையாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏனென்றால் அந்த வரிசையில்தான் அதன் பலம் இருக்கிறது, துண்டு துண்டாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அதே சென் சிலோங்தான் 1638இல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி வந்தது, டீச்சரிடமே கேட்டேன். பதிப்பித்தவரும் ஆண், கவிதைகளுக்கு முன்னுரை தந்தவரும் ஆண், வாசித்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள் என்றால், இது முழுக்க அவர்கள் குரல்தான் என்று எப்படிச் சொல்வது? அச்சில் வரப்போகிறது என்று தெரிந்தே எழுதிய கடிதமாக இருக்கலாமே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமாம், யாரும் பார்க்காத அறையில் உட்கார்ந்து இவர்கள் எழுதவில்லை, விருந்தில் பாடுகிறவள் கடிதத்திலும் கேட்பவனை அறிந்துதான் எழுதுவாள் என்றார். பிறகு ஒன்று சேர்த்தார். லியு ருஷி தானும் மற்ற பெண்களை மதிப்பிட்டு எழுதினார். 1641இல் மூத்த அறிஞர் சியான் சியான்யியை மணந்த பிறகு, கணவர் தொகுத்த மிங் கவிதைப் பெருந்தொகையில் பெண்களின் பகுதியை லியு ருஷிதான் பார்த்தார். கொரியக் கவிஞர் ஹோ நான்சொல்ஹொனின் பாடல்களில் பல வேறிடத்திலிருந்து எடுத்தவை என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். எழுத்தைப் பற்றிய அவருடைய கணிப்பில் பெண் என்று யாருக்கும் சலுகை இல்லை. இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேநீருக்குப் பிறகு பைலூசோ பூங்கா பக்கம். பழைய பலகைப் பாலம் இருந்தது இந்தப் பகுதியில்தான். ஜெங் துவோ என்ற கணிகை மழையில் ஒருவரை வழியனுப்பி எழுதிய எட்டு வரிப் பாடலில் அந்தப் பாலம் வருகிறது. கையைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் நிற்கையில், முன்னால் போகும் வண்டி பலகைப் பாலத்துக்கு வழி கேட்கிறது. அவ்வளவுதான் முதல் இரண்டு வரி. வண்டிக்காரன் வழி கேட்பதைப் பிரிவுப் பாட்டில் வைக்கத் தோன்றியிருக்கிறதே, அதுதான் நேரில் நின்றவள் எழுதியது என்பதற்குச் சாட்சி. ஜெங் துவோவும் மா ஷியாங்லானும் இன்னும் இருவருமாக நான்கு சின்ஹுவாய்ப் பெண்களின் கவிதைகளை அந்தக் காலத்திலேயே ஒரே தொகுப்பாகப் பதிப்பித்திருக்கிறார்கள். எட்டு அழகியர் பட்டியலைத் தெரிந்தவர்கள் இந்த நால்வரையும் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

அடுத்து வாங் வெய். என்னைக் கேட்டால் இவருக்காகவே இந்த நடைக்கு 160 யுவான் கொடுக்கலாம். யாங்ஜோவில் பிறந்து, ஏழு வயதில் அப்பாவை இழந்து, இந்தத் தொழிலுக்குள் வந்து விழுந்தவர். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு சின்னப் படகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சூஜோவுக்கும் ஹாங்ஜோவுக்கும் இடையே போய்வந்தார். பிறகு துணி அங்கி, மூங்கில் தடி, அவ்வளவோடு மலைகள் ஏறக் கிளம்பிவிட்டார். யாங்சி ஆற்றோடு மேலே போய் மஞ்சள் கொக்கு மாடத்தைப் பார்த்தார், வூதாங் மலையின் உச்சிக்கு ஏறினார், லூஷான் மலையில் ஹான்ஷான் துறவியைச் சந்தித்தார். மலைப்பயண எழுத்துகளைத் திரட்டிப் பெரிய தொகுப்பு ஒன்றும் செய்தார். புல்லாடைத் துறவி என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். 1647இல் இறந்தார்.

டீச்சர் வாசித்தது அவர் தன் கவிதைகளுக்குத் தானே எழுதிய முன்னுரை. ஆணாகப் பிறக்கவில்லை, உலகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்ய என்னால் ஆகாது, ஆனால் ஒரு அறையையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று அதில் சொல்கிறார். வசந்தம் புல்லில் இருக்கிறது, இலையுதிர் காலம் இலையில் இருக்கிறது, இதெல்லாமே கவிதைதானே என்றும் சொல்கிறார். அதைக் கேட்டபோது எங்களுக்குப் பின்னால் பூங்கா ஏரியில் விளக்குகளைப் போட்டுவிட்டிருந்தார்கள், ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு. டீச்சர் பாட்டு முடியும்வரை காத்திருந்து, அந்தப் பத்தியைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். யாரும் அவசரப்படவில்லை.

கடைசி வாசிப்பு லியு ருஷியின் உயில். 1664இல் சியான் சியான்யி இறந்த கொஞ்ச நாளில் உறவுக்காரர்கள் பணம் கேட்டு வீட்டுக்கு வந்து நெருக்கினார்கள். லியு ருஷி தன் மகளுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தூக்கு மாட்டிக்கொண்டார். இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது, யாரிடமும் ஒரு பேச்சு வாங்கியதில்லை, இன்று முகத்துக்கு நேரே அவமானப்படுத்துகிறார்கள், சாகாமல் வழியில்லை என்று எழுதுகிறார். தனக்குப் பிறகு அண்ணனையும் அண்ணியையும் அப்பா அம்மாவாக நினைத்து நட என்று மகளுக்குச் சொல்கிறார். கவிதையில் எத்தனையோ நுட்பம் காட்டியவர், இங்கே ஒரு அலங்காரச் சொல்லும் இல்லாமல், வீட்டில் பேசுகிறதுபோல் எழுதியிருக்கிறார்.

இதைத் தெருவோரத்தில், நடையின் கடைசிப் பத்து நிமிடத்தில் வைத்தது பெரிய குறை. நாங்கள் எல்லோரும் கலங்கி நின்றபோது, உதவிக்கு வந்த பெண் காதொலிக் கருவிகளைத் திரும்ப வாங்க ஆரம்பித்துவிட்டார். மெட்ரோ நேரம், அடுத்த நாள் வேலை, எல்லோருக்கும் அவசரம் உண்டு, புரிகிறது. ஆனாலும் அந்தக் கடிதத்துக்குத் தேநீர் மேசைதான் சரியான இடம். வேண்டுமானால் நடையின் வரிசையையே மாற்றலாம், பூங்காவை முதலில் முடித்துவிட்டுக் கடைக்கு வரலாம். டீச்சரிடம் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு குறை கொஞ்சம் ஆழமானது. எழுதியதை மட்டும் வாசிப்பேன் என்ற விதி, எழுத வாய்ப்பு இல்லாதவர்களை முழுக்க வெளியே நிறுத்திவிடுகிறது. இந்தக் கரையில் புகழ்பெற்ற கணிகை ஒருத்திக்குப் பின்னால் சமைத்தவள், தேநீர் ஊற்றியவள், யாழைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், கீழ்த்தர வீடுகளில் பெயர் தெரியாமல் நோயில் செத்தவள் என்று எத்தனையோ பேர். லீ ஷியாங்ஜுனுக்கு ஒரு வெற்றுப் பக்கம் கொடுத்ததுபோல் அவர்களுக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். டீச்சருக்கு இது தோன்றாமல் இருக்காது, ஆனால் நடையில் எங்கும் வரவில்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. காதொலிக் கருவி கன்பூசியஸ் கோயில் கூட்டத்தில் விட்டுவிட்டுத்தான் கேட்டது. வழி முழுக்கக் கருங்கல் பாவிய தரை, முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். எல்லாமே சீன மொழியில்தான். டீச்சரின் பேச்சு தெளிவாக, நிதானமாக இருக்கிறது, இடைநிலைச் சீனம் தெரிந்தால் கையேட்டின் எளிய பக்கத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். சீனமே தெரியாது என்றால் மொழிபெயர்த்துச் சொல்லப் பொறுமை உள்ள ஒரு நண்பர் கட்டாயம் வேண்டும்.

அடுத்த நாள் நான் படகிலும் ஏறினேன், ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே. விளக்கு, தண்ணீர், சிவப்புச் சுவரில் ஓடும் டிராகன்கள், எல்லாம் கண்ணுக்கு விருந்து. பதிவுசெய்த வர்ணனையில் எட்டு அழகியர் வந்தார்கள், ஒவ்வொருவரோடும் அவரவர் ஆணும் வந்தார். முந்தின மாலை இல்லாவிட்டால் நானும் ரசித்துக் கேட்டிருப்பேன். இப்போது அந்த வர்ணனையைக் கேட்கும்போது, அவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட வரவில்லையே என்பதுதான் மனதில் ஓடியது.

போகிறவர்களுக்கு: மெட்ரோ மூன்றாம் தடத்தில் கன்பூசியஸ் கோயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், நான்ஜிங் வெயில் சீனாவிலேயே பேர்போனது. அக்டோபர் முதல் வார விடுமுறையில் அந்தப் பக்கமே போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. நவம்பர் வாரநாள் ஒன்று பாருங்கள். வாரக்கடைசி இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. முன்பதிவு வீசாட்டில் மட்டும்தான், எனக்கு எழுதினால் டீச்சரிடம் கேட்டுவிட்டு எண்ணை அனுப்புகிறேன். லியு ருஷி மனதில் தங்கிவிட்டால் சூஜோவிலிருந்து சாங்ஷூ ஊருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். யூஷான் மலை அடிவாரத்தில் அவர் கல்லறை இருக்கிறது, கணவரின் கல்லறையும் பக்கம்தான், ஆனால் தனித்தனி. வசந்தத்தில் அங்கேயும் ஒரு நடை தொடங்கும் எண்ணம் டீச்சருக்கு இருக்கிறது. தொடங்கினால் நான் போவேன்.